எட்டாவது ஜோடிக் காலுறை

எண்ணுவதையே எழுச்சியாகவும் ஏற்றமாகவும் கொண்டு வாழும், எங்கள் மலைநடைச் சங்கத்தின் தலைவரும் இந்த அவையின் தலைவருமாகிய கணக்கு வாத்தியார் அவர்களே, முழங்கால் முரண்டு பிடித்தாலும் முகட்டைத் தொடாமல் திரும்பாத மூத்தோர்களே, சேறு பூசிய பூட்சுகளை வாசலிலேயே கழற்ற வைத்து வீட்டைக் காப்பாற்றி வரும் தாய்மார்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாக மலை ஏறப் பெயர் கொடுத்திருக்கும் நாற்பத்திரண்டு புதிய நண்பர்களே, முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து 'சீக்கிரம் முடி' என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் என் நாத்தனார் அவர்களே, இடம் கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நிற்கிறவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மலைநடைக்குச் சரியான காலுறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி. இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைவர் தந்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காலுறைக்குப் பதினைந்து நிமிடமா என்றுதான் என் வீட்டிலும் கேட்டார்கள். ஆனால் நான் உங்களைக் கேட்கிறேன். மலை உங்கள் முகத்தையா பார்க்கிறது? உங்கள் படிப்பையா பார்க்கிறது? உங்கள் பதவியையா பார்க்கிறது? மலை பார்ப்பது ஒன்றே ஒன்றை. பாதத்தைப் பார்க்கிறது. அந்தப் பாதத்துக்கும் பாறைக்கும் நடுவே நிற்கிற அந்த மெல்லிய துணியைப் பார்க்கிறது. பார்த்து, பொறுத்திருந்து, பிறகு தன் வேலையைத் தொடங்குகிறது.

நீங்கள் இத்தனை பேர் வந்திருப்பது காலுறைக்காக அல்ல என்பதும் எனக்குத் தெரியும். இந்த மண்டபத்தின் நுழைவாயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரு ஜோடி சாம்பல் நிறக் காலுறை இருக்கிறது. கீழே ஓர் அட்டையில் 'ஆளில்லாமல் வந்த காலுறை' என்று அழகாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே வரும்போது எல்லோரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தீர்கள். சிலர் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். அந்தக் கதையைக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். காலுறையில் தொடங்கினால்தான் அந்தக் கதை புரியும்.

மகள் பிறந்து மூன்று வருடம் நான் மலை ஏறவில்லை. போன பருவத்தில்தான் மறுபடி கிளம்பினேன். அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று மூன்று முறை திரும்பிப் பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் காலுறை வாங்கப் போனால் என்ன ஆகும்? கடையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். கூட வந்த நாத்தனார் கொட்டாவி விட்டுவிட்டு, விட்டுவிட்டு, கடைசியில் கேட்டார்.

"கல்யாணத்துக்கு என் தம்பி உன்னப் பாக்க வந்தப்ப அஞ்சு நிமிஷத்துல சரின்னு சொன்ன. சாக்ஸுக்கு இவ்வளவு யோசனையா?"

"அப்ப யோசிக்காததுனாலதான் அண்ணி இப்ப யோசிக்கிறேன்."

கடைக்கார அம்மா சிரித்துவிட்டு என்னை உட்கார வைத்தார். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன், புதிய நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள். "பருத்தி வேணாம்மா. பருத்தி தண்ணியக் குடிச்சா விடாது. கால் ஊறிப் போயிடும். கம்பளி ஈரமானாலும் சூட்டை வெச்சிருக்கும். சாயங்காலம் வந்து போட்டுப் பாருங்க, நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப சரியா இருந்தாத்தான் மலையில சரியா இருக்கும். குதிகால் மடிப்பு குதிகால்லயே உக்காரணும். விரல் கிட்ட தையல் உறுத்தக் கூடாது. பூட்ஸ் வாயை விட ரெண்டு விரக்கடை உசரமா இருக்கணும்." இவ்வளவும் சொல்லிவிட்டு, என் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, "உங்களுக்குத் தோல் மெல்லிசு. கொப்புளம் சீக்கிரம் வரும். உள்ள மெல்லிசா ஒண்ணு, மேல கனமா ஒண்ணு போடுங்க. உராய்றது துணிக்கும் துணிக்கும் நடுவுல போயிடும், தோலுக்கு வராது" என்றார்.

வாங்கினேன். நாத்தனார் எதையும் வாங்கவில்லை. "ஆபீசுக்குப் போடுற கறுப்பு சாக்ஸ் ஆறு ஜோடி கெடக்கு. அதுவும் காலுக்குப் போடுறதுதானே, தலைக்கா?" என்றார். பருத்தி. சுத்தமான பருத்தி. இப்போது முன்வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார், பாருங்கள்.

மலைக்குப் போன அன்று எட்டுப் பேர் ஏறினோம். வழிநடத்தியவர் நம் தலைவர், கணக்கு வாத்தியார். கடைசி ஆளாக வந்தவர் ரொட்டிக்கடைக்காரர். நடுவில் அச்சகத்தில் வேலை பார்க்கும், ஆணும் பெண்ணுமாக நான்கு தோழர்கள், நான், என் நாத்தனார். காலையில் வானம் தெளிவாக இருந்தது. பத்து மணிக்கு மூடுபனி இறங்கியது. இறங்கியது என்று சொல்வதுகூடத் தவறு. அது எங்கிருந்தும் வரவில்லை. இருந்த உலகம் போய்விட்டது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் போனவரின் முதுகுப்பை மட்டும் தெரிந்தது. பிறகு அதன் சிவப்பு நிறம் மட்டும் தெரிந்தது. பிறகு அவர் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. சத்தம் முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. தூறல் வேறு. ஊசி ஊசியாய், ஓசையே இல்லாமல்.

பதினொன்றரை இருக்கும். நாத்தனார் என் தோளைத் தொட்டார். "கால்ல ஏதோ கடிக்குது. பூட்ஸைக் கழட்டி சரி பண்ணிட்டு வரேன். நீ போ."

"இருக்கேன் அண்ணி."

"போடி. உன் பின்னாடியே ரொட்டிக்கடைக்காரர் வராரு. காத்து தாங்கல, நான் இந்தப் பாறைக்கு மறைவா உக்காந்துக்கறேன்."

நான் போனேன். அவர் பாறைக்குப் பின்னால் போனார். பத்தடி பின்னால் வந்த ரொட்டிக்கடைக்காரர் பாறையைத் தாண்டினார், அவரைத் தாண்டினார், தாண்டியது தெரியாமலே தாண்டினார். மூன்று பேர் மீதும் குற்றமில்லை. குற்றம் அதற்குப் பிறகு நடந்தது.

உச்சிக்குக் கீழே நம் சங்கத்தின் ஓய்வுக் கொட்டகை இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. மற்ற சங்கங்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படுகிற வழக்கம். கொட்டகைக்குள் வந்ததும் எல்லோரும் ஈரக் காலுறையைக் கழற்றிக் கணப்பு அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட வேண்டும். உலர்ந்த ஜோடியை மாட்டிக்கொள்ள வேண்டும். தலைவர் கொடியில் தொங்குகிற ஜோடிகளை எண்ணுவார். எத்தனை ஜோடியோ, அத்தனை ஆள். ஆளையே எண்ணினால் என்ன என்று ஒருமுறை யாரோ கேட்டதற்குத் தலைவர் சொன்ன பதில் இந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். "ஆளை எண்ணினா ஒருத்தர் இங்க இருப்பாரு, ஒருத்தர் வெளிய போயிருப்பாரு, ஒருத்தர் ரெண்டு தரம் கை தூக்குவாரு. சாக்ஸ் எங்கயும் போகாது."

கொட்டகையில் இரண்டு அறை. புகை, ஆவி, நனைந்த துணியின் வாடை. யார் எந்த அறையில் என்று யாருக்கும் தெரியவில்லை. நாத்தனார் அடுத்த அறையில் அச்சகத்துப் பெண்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். ஒரு பெண் சிரித்தது அவர் சிரிப்பு போலவே இருந்தது. அப்போது தலைவரின் குரல் கேட்டது.

"எட்டு ஜோடி. எல்லாரும் வந்தாச்சு. கெளம்பலாம்."

எட்டு என்றால் எட்டு. மனம் அடங்கிவிட்டது. மூன்று முறை அடுப்பைத் திரும்பிப் பார்க்கிற நான் அன்று ஒருமுறைகூட அடுத்த அறையை எட்டிப் பார்க்கவில்லை. காலுறைகளை அப்படியே ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினோம். நாற்பது நிமிடத்தில் அடிவாரக் கேட். வேனில் ஏறினோம். ஓர் இருக்கை காலியாக இருந்தது.

"அண்ணி எங்க?" என்று கேட்டேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் மெதுவாகச் சொன்னார். "அவங்க சாக்ஸ் வந்துச்சே."

பையைத் திறந்து வேனின் முன்பக்கத்தில் கொட்டினார். அச்சகத்தார் நால்வரும் தங்கள் தங்கள் ஜோடியை எடுத்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் எடுத்தார். தலைவர் எடுத்தார். நான் என் கம்பளி ஜோடியை எடுத்தேன். ஒரு ஜோடி மிஞ்சியது. சாம்பல் நிறம். மெல்லியது. பாதத்தின் வடிவம் கலையாமல், உள்ளே இன்னும் கால் இருப்பது போல லேசாக உப்பியிருந்தது. அச்சகத்துப் பெண் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கு" என்றார்.

"இது அண்ணியோடது இல்ல. அவங்களோடது கறுப்பு" என்றேன்.

"அப்ப நம்ம கூட வேற யாரோ கொட்டகைக்குள்ள வந்திருக்காங்க" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அதற்குப் பிறகு அந்தக் காலுறையை யாரும் தொடவில்லை.

அச்சகத்தார் வனக்காவலருக்குச் சொல்லப் போனார்கள். தலைவர், ரொட்டிக்கடைக்காரர், நான், மூவரும் திரும்ப ஏறினோம். ஓடினோம் என்றே சொல்ல வேண்டும். அந்தப் பாறையை அடைந்தோம். பாறைக்குப் பின்னால் ஒரு பூட்ஸ் இருந்தது. வலது கால் பூட்ஸ். நாடாவை ஒழுங்காக அவிழ்த்து, ஓரமாக, வீட்டு வாசலில் விடுவது போல விட்டிருந்தார்.

அங்கிருந்து ஈரமண்ணில் தடம் போயிற்று. இடது தடம் பூட்ஸ் தடம். வலது தடம் வெறும் பாதம். ஐந்து விரலும் தெளிவாக. பாதையில் போகவில்லை, பாதையை விட்டு விலகிக் கீழே ஒரு குட்டைப் பக்கம் போயிற்று. குட்டையைச் சுற்றிப் போயிற்று. சுற்றி வந்த இடத்தில் இன்னொரு தடம் சேர்ந்துகொண்டது. பூட்ஸ் ஒன்று, வெறும் பாதம் ஒன்று. அடுத்த சுற்றில் மூன்று தடம். ரொட்டிக்கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு மூணு பேர் போயிருக்காங்க. எல்லாருக்கும் ஒத்தக் காலுதான் பூட்ஸ்."

அப்போதுதான் பேச்சுக் குரல் கேட்டது. மூடுபனிக்குள், மிக அருகில், யாரோ யாரிடமோ அன்பாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இரும்மா. இதோ வந்துட்டேன். அவ்வளவு வேகமாப் போகாத." பனியிலிருந்து என் நாத்தனார் வெளியே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. கண்கள் தரையில் இருந்தன. கையில் அந்தக் கறுப்புப் பருத்திக் காலுறை, பிழியப் பிழிய நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்களைக் கடந்து போனார். நான் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, நான்தான்."

"சத்தம் போடாத. அவ முன்னாடி போறா."

"யாரு?"

"தெரியல. வெறுங்கால்ல போறா. பாரு, தடம். இந்தக் குளிர்ல பாவம். கூப்பிட்டா நிக்க மாட்டேங்குறா. இந்த சாக்ஸை அவகிட்டக் குடுக்கணும்."

அவையோரே, என் வாழ்க்கையில் நான் கேட்ட வாக்கியங்களிலேயே என்னை மிகவும் உலுக்கிய வாக்கியம் அதுதான். ஈரப் பருத்தி அவர் காலின் சூட்டை உறிஞ்சிவிட்டது. குளிர் காலில் ஏறி, இடுப்பில் ஏறி, அறிவில் ஏறிவிட்டது. கொப்புளம் வலிக்கிறதென்று கழற்றியவருக்கு, கழற்றியதே மறந்துவிட்டது. கால் மரத்துவிட்டதால் வெறுங்கால் என்பதும் தெரியவில்லை. தரையில் தன் தடத்தையே கண்டு, யாரோ ஒரு பெண் செருப்பில்லாமல் போகிறாள் என்று இரக்கப்பட்டு, அவளுக்கு உதவ, அவள் பின்னாலேயே மூன்று மணி நேரம் குட்டையைச் சுற்றியிருக்கிறார். தன் காலுறையைத் தனக்கே கொடுப்பதற்காக.

உட்கார வைத்தோம். என் பையில் இருந்த கம்பளி ஜோடியை மாட்டினேன். அந்தப் பாதம் மெழுகு போல் இருந்தது. கிள்ளினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கிள்ளியது தெரியாமல். மாதக் கணக்கில் மருத்துவம் நடந்தது. பிழைத்துவிட்டார். நடக்கிறார். ஆனால் இன்றைக்கும் படி இறங்கும்போது நின்று, குனிந்து, வலது கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் வைக்கிறார்.

யாரோ பின்னாலிருந்து கேட்கிறீர்கள். "அந்த சாக்ஸ் யாரோடது?" சரி. அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

அது என்னுடையது.

உள்ளே மெல்லிசாக ஒன்று, மேலே கனமாக ஒன்று. கொட்டகையில் இரண்டையும் கழற்றினேன். இரண்டையும் கொடியில் போட்டேன். ஓர் ஆள், இரண்டு ஜோடி. வந்தது ஏழு பேர், தொங்கியது எட்டு ஜோடி. தலைவர் சரியாகத்தான் எண்ணினார். அவர் எண்ணியதில் என் நாத்தனாரின் இடத்தில் என் உள்காலுறை தொங்கிக்கொண்டிருந்தது.

வேனில் அது மிஞ்சியபோதே எனக்குத் தெரிந்தது. சூடா இருக்கு என்று அந்தப் பெண் சொன்னபோது, அது கணப்பு அடுப்பில் காய்ந்த என் காலுறையின் சூடு என்று தெரிந்தது. வாய் வரவில்லை. முதலில் தேடிப் போவோம் என்று ஏறினேன். கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். கிடைத்த பிறகு, நீங்களெல்லாம் வேறு கதை சொல்லத் தொடங்கிவிட்டீர்கள். ஆளில்லாமல் வந்த காலுறை என்றீர்கள். ஆபத்தை அறிவிக்க மலையே அனுப்பியது என்றீர்கள். கண்ணாடிப் பெட்டி செய்தீர்கள். ஒன்பது மாதம் நானும் அந்தப் பெட்டியைக் கடந்துதான் கூட்டங்களுக்கு வந்து போனேன். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயந்தார்கள். நானும் பயந்தேன். அவர்கள் பயந்தது வேறு, நான் பயந்தது வேறு.

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள் ஐயா.

ஏன் இன்று சொல்கிறேன்? ஞாயிற்றுக்கிழமை நாற்பத்திரண்டு பேர் ஏறப் போகிறீர்கள். அதே கொட்டகை. அதே கொடி. இன்று காலை கடைக்கார அம்மாவைப் பார்த்தேன். "உங்க சங்கத்துக்காரங்க பத்துப் பேர் உள்காலுறையும் சேர்த்து வாங்கிட்டுப் போனாங்க" என்றார். பத்துப் பேர். கேட்டுக்கொள்ளுங்கள், பத்துப் பேர். அந்தப் பத்து ஜோடிக்குள் எத்தனை பேரை மலையில் விட்டுவிட்டு, எல்லோரும் வந்தாயிற்று என்று இறங்கப் போகிறோம்? கம்பளி வாங்குங்கள். பருத்தியைத் தவிருங்கள். குதிகால் மடிப்பைக் குதிகாலில் வையுங்கள். ஆனால் எத்தனை நல்ல காலுறையும் ஓர் ஆள் ஆகாது. கொடியில் தொங்குவது வாழ்கிறவரின் சாட்சி அல்ல. முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். குரலைக் கேட்டு எண்ணுங்கள். தொட்டு எண்ணுங்கள். கூப்பிட்டால் ஏன் என்று கேட்கிற உயிரை எண்ணுங்கள்.

அந்தக் கொடியை அவிழ்த்துவிடும்படி தலைவரை இந்த அவையில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். தலையசைக்கிறார். நன்றி ஐயா. உங்கள் கண் கலங்கியிருக்கிறது, அதற்கு நான்தான் காரணம், நீங்கள் அல்ல.

அண்ணி எழுந்து நிற்கிறார். உட்காருங்க அண்ணி. மைக் வேண்டுமா? வேண்டாமாம். அவர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது, நானே சொல்கிறேன். "ஒம்போது மாசமா சொல்லாம இருந்ததுக்கு வீட்டுக்கு வா, வெச்சிக்கிறேன்" என்கிறார். வாங்கிக்கொள்கிறேன் அண்ணி.

இன்னும் ஏதோ சொல்கிறார். "நீ சொன்னதுல ஒண்ணு தப்பு."

சொல்லுங்க.

"நான் என் தடத்தையே பாத்துட்டுப் போனேன்னு சொன்னியே. எனக்கு இடது கால்ல பூட்ஸ் இருந்துச்சு. எனக்கு முன்னாடி போனவளுக்கு ரெண்டு காலும் வெறுங்கால்."

நான் பார்த்தது ஒரு கால் வெறுந்தடம்தான். தலைவர் ஐயா, நீங்கள்? நீங்களும் அதைத்தான் பார்த்தீர்கள். ரொட்டிக்கடைக்காரர் அண்ணே, நீங்கதான் குனிஞ்சு பக்கத்துல பாத்தீங்க. சொல்லுங்க.

அவர் தரையைப் பார்க்கிறார்.

அவையோரே, குளிரில் கலங்கிய கண் கண்டது என்று மருத்துவர் சொல்வார், நானும் அப்படித்தான் நம்ப விரும்புகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்தப் பருவத்திலிருந்து முகம் முகமாக எண்ணுவோம். எண்ணும்போது ஒன்று குறைந்தால், இறங்காதீர்கள். திரும்பி ஏறுங்கள். எண்ணும்போது ஒன்று கூடினால், ஓடாதீர்கள். யாரும் எண்ணாமல் விட்டுப்போன ஒருத்தியாக இருக்கலாம். முதலில் அவள் காலைப் பாருங்கள். என் பையில் எப்போதும் ஒரு ஜோடி கம்பளி கூடுதலாக இருக்கும், உங்கள் பையிலும் இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட என் நாத்தனாருக்கும், மூத்தோருக்கும், தாய்மாருக்கும், ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஏறப் போகிறவர்களுக்கும், ஏறிப் போய் இன்னும் இறங்காமல் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கும், என் நன்றி. வணக்கம்.